என்னை மாதிரி யாரும் பேசப்படாது

கொஞ்சம் அங்கிட்டு நகருங்க அண்ணாச்சி. இந்தப் பையை மடியில வச்சுக்கிடுதேன். கனமெல்லாம் இல்ல, ஒரு மனுவும் ரெண்டு வாழைப்பழமும்தான் கெடக்கு. திங்கக்கெழம காலைல இந்த பஸ்ஸுல எவன் பையில காகிதம் வச்சிருந்தாலும் ஒரே எடத்துக்குத்தான் போறான். கலெக்டர் ஆபீசு. குறைதீர்க்குற நாளு. நீங்களும் அங்கதானா? இல்லையா? சேலமா! அம்மாடி, இம்புட்டு தூரம் மருந்துக் கம்பெனிக்காக அலையுதீங்களா. சரி சரி, எங்கூரு காத்தைக் கொஞ்சம் குடிச்சுட்டுப் போங்க. தண்ணிதான் கெடையாது, காத்து நெறைய இருக்கு.

எம்பேரு உச்சிமாகாளி. மைக்கு மாகாளின்னாத்தான் ஊத்துநல்லூர்ல தெரியும். தொழிலு ஆட்டோவுல கொழா ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு ஊரு பூரா சொல்லிட்டுப் போறது. யாரும் செத்தா நான் போயிச் சொல்லணும். பேச்சிமுத்துன்னு எம் பொஞ்சாதி கூடப் பொறந்தவன், அவன் ஆட்டோ ஓட்டுவான், நான் பின்னாடி ஒக்காந்து பேசுவேன். நான் சொல்லாம எங்கூர்ல ஒருத்தனும் செத்ததாக் கணக்கில்ல அண்ணாச்சி. பாடி கெடக்கும், அழுதுக்கிட்டு இருப்பாவ, ஆனா எதுத்த தெருக்காரன் வரமாட்டான். "மாகாளி இன்னும் சொல்லலையே"ம்பான்.

படிப்பு? அஞ்சாப்பு. அதுலயும் பாதி வருசம் வெளியதான் நின்னேன். வாத்தியாரு மாதிரியே பேசிக் காட்டுதேன்னு முட்டி போட வச்சிட்டாரு. ஆனா தொண்டையில நாப்பது பேரு குடியிருக்கான். கோயில் கொடைக்குச் சொல்லணும்னா ஒரு கொரலு, வயித்துலேருந்து வரும். மாதா கோயில் சப்பரத்துக்கு ஒரு கொரலு, நெஞ்சுலேருந்து, கொஞ்சம் இழுத்து. பள்ளிவாசல் கந்தூரிக்கு ஒண்ணு, நல்லா அடக்கமா, மரியாதையா. மூணு சாமிக்கும் இந்த ஒரு தொண்டைதான். இதுவரை மூணு சாமியும் ஒண்ணும் சொன்னதில்ல.

அப்பேர்ப்பட்ட தொண்டைக்குத்தான் இப்ப ஆபத்து. ஒரு பொம்பள. மரியபாக்கியம்னு பேரு. மாதா தெரு முக்குல புட்டுக்கடை. அவ என்னை மாதிரி பேசிக் காட்டுதா அண்ணாச்சி. என்னை மாதிரி! நாந்தான ஊரையே பேசிக் காட்டுவேன், என்னைப் போயி ஒருத்தி பேசிக் காட்டலாமா? அதத் தடுக்கணும்னுதான் மனு.

எப்படிப் பேசுவாளா? அதை மட்டும் கேக்காதீங்க. ஊர்ல எவனை வேணும்னாலும் செஞ்சு காட்டுதேன், அதை மட்டும் செய்யமாட்டேன். மானம் இருக்குல்லா.

இருங்க, மொதல்லேருந்து சொன்னாத்தான் என் பக்கம் எம்புட்டு நியாயம்னு தெரியும். அவளுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் கெடையாது. போன சித்திரையில ரெண்டு பேரும் ஒண்ணா கேசுல நின்னவுகதான்.

போன சித்திரையில எங்க கெழக்குத் தெரு கொழாயில இருவத்திரெண்டு நாளு தண்ணி வரல. தொறந்தா புஸ்ஸுன்னு ஒரு காத்து, அம்புட்டுதான். சேர்மனைப் போயிப் பாத்தோம். எங்க சேர்மனுக்கு ஒரு பழக்கம், எதையுமே "ஆகவே"ன்னுதான் ஆரம்பிப்பாரு. முன்னால ஒண்ணும் சொல்லிருக்கவே மாட்டாரு. வந்து உக்காருவாரு, மூக்குப்பொடியை ஒரு இழு இழுப்பாரு, "ஆகவே... பொதுமக்களாகிய நீங்க... ஹச்... பொறுமை காக்கணும்." கேட்டீங்களா? அப்படியே இருக்கா? இத நம்ம டிரைவர் கேட்டா பஸ்ஸை ஓரங்கட்டி வணக்கம் வச்சிருவாரு. அவருக்கும் எங்கூருதான்.

சரின்னு, பஜார்ல கூட்டம் போட்டு நாலு வார்த்தை கேப்போம்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தோம். மாட்டேன்னுட்டாவ. மறுபடி குடுத்தோம். சந்தை நாளு, முடியாதுன்னாவ. மூணாவது மட்டம் சந்தை இல்லாத நாளாப் பாத்துக் குடுத்தோம். இன்ஸ்பெக்டரு, ஆளு ஒல்லி, கொரலு மட்டும் பீப்பாய்க்குள்ளேருந்து வரும், "யோவ், நாலு பேரு கூடுனா சட்டம் ஒழுங்கு. மைக்கு வச்சா அதுக்குத் தனியா அனுமதி. ரெண்டும் கெடையாது, போ"ன்னுட்டாரு.

வெளிய வந்து பேச்சிமுத்து ஆட்டோவுல உக்காந்திருக்கோம். அப்பத்தான் எனக்கு பொறி தட்டுச்சு. "மாப்ள, நம்ம தெனமும் மைக்கு வச்சுத்தான சொல்லுதோம்? என்னைக்காவது எவனாவது அனுமதி கேட்டிருக்கானா?" "எழவு சொல்லுததுக்கு எவன் மச்சான் அனுமதி கேப்பான்?"னான். "எழவுக்கு எத்தனை பேரு கூடலாம்?" "எத்தனை பேருன்னாலும் கூடலாம்." "அப்ப வண்டிய எடு"ன்னேன்.

மறுநாக் காலைல ஏழு மணிக்கு ஆரம்பிச்சேன் அண்ணாச்சி. துக்கக் கொரலு, அதுல எவனும் என்னை அடிச்சுக்க முடியாது. "மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்வது என்னவென்றால்... நமது ஊத்துநல்லூர் கிழக்குத் தெருவில் முப்பத்தோரு வருட காலமாக வசித்து வந்த... திருவாளர் தெருக்குழாய் அவர்கள்... இருபத்திரண்டு நாட்களாக வறண்ட நிலையில் இருந்து... இன்று காலை இயற்கை எய்தினார். அன்னாருக்கு காலிக்குடம் என்ற மனைவியும், பிளாஸ்டிக் வாளி, தகர வாளி என்று இரண்டு மகன்களும், நகராட்சி சேர்மன் என்ற மூத்த மைத்துனரும் உள்ளனர். நீர்மாலை சரியாகப் பதினோரு மணிக்கு எடுக்கப்படும்."

நீர்மாலைன்னா சேலத்துல தெரியாதுல்லா? எங்க பக்கம் சாவு விழுந்தா, பொணத்தைக் குளிப்பாட்டுததுக்கு சொந்தக்காரவுகளெல்லாம் குடத்தோட போயி தண்ணி எடுத்துட்டு வருவாவ. தலைக்கு மேல வெள்ளைத் துணிய நாலு பேரு விரிச்சுப் பிடிப்பான், முன்னால மேளம் போகும். அதுதான் நீர்மாலை. அது வருதுன்னா லாரிக்காரன்கூட ஓரமா நின்னுருவான். போலீசு மறிச்சதாக் கதையே கெடையாது.

இப்ப நீங்களே சொல்லுங்க. செத்தது கொழாயி. கொழாயில தண்ணி இல்லாமத்தான் அது செத்துச்சு. அப்ப நீர்மாலைக்கு எங்க போவோம்? ஊர்ல தண்ணி வருத எடம் ஒண்ணே ஒண்ணுதான். நகராட்சி ஆபீசு முத்தத்துக் கொழாயி. அதுக்குத் தனி லைனு!

பதினோரு மணிக்குப் பாக்கேன், முந்நூறு குடம். சத்தியமாச் சொல்லுதேன், நாப்பது அம்பது வரும்னுதான் நெனச்சேன். பக்கத்தூரு கெழவரு ஒருத்தரு நெசமாவே மாலை வாங்கிட்டு வந்துட்டாரு. காது மந்தம். "யாருப்பா தவறுனது?"ன்னு எல்லாருட்டயும் கேக்காரு. கொழாயிலயே போட்டுட்டோம் மாலைய.

மரியபாக்கியம் முன்னால வந்து நின்னா. அவ வேதக்காரி, அவுகளுக்கு நீர்மாலையெல்லாம் கெடையாது. "ஏம் மைனி, உங்க சாமியாரு ஒண்ணும் சொல்லமாட்டாராம்மா?"ன்னேன். "தாகத்துக்குத் தண்ணி குடுக்கச் சொல்லித்தான் வேதத்துல இருக்கு, நீரு வெள்ளைத் துணிய நேராப் பிடியும்"ன்னா. டீக்கடை காதர் மைதீனும் ஒரு முனையப் பிடிச்சாரு. மேளம் அடிச்சாச்சு. போனோம்.

ஆபீசு வாசல்ல இன்ஸ்பெக்டரு. "நில்லுங்க! யாரு செத்தது?" நான் ரொம்ப அடக்கமா, "கொழாயி அய்யா." "எந்தக் குழாய்?" "கெழக்குத் தெரு." அவரு நோட்டுல எழுத ஆரம்பிச்சுட்டு பாதியில நிப்பாட்டிட்டாரு. அதுக்குள்ள பாக்கியம் உள்ள பூந்து கொழாயத் தொறந்துட்டா. அருவி மாதிரி கொட்டுது! பொம்பளைகள்லாம் கொலவை போடுதாவ. அங்கனதான் நான் ஒரு சின்னத் தப்புப் பண்ணிட்டேன். தப்புன்னும் சொல்ல முடியாது. மைக்கு கையில இருக்கு, முந்நூறு பேரு இருக்கான், எந்தொண்டை சும்மா இருக்குமா? துக்கம் விசாரிக்க சேர்மன் வந்திருக்காருன்னு சொல்லி, சேர்மன் கொரல்ல அஞ்சு நிமிசம். "ஆகவே... என் மைத்துனர் குழாய் அவர்கள்... ஹச்... உயிரோடு இருந்த காலத்திலும் எனக்குத் தொந்தரவு தந்ததில்லை... செத்த பிறகும் தரமாட்டார் என்று..." அம்புட்டு சனமும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கி. நிமிந்து பாக்கேன், மாடி ஜன்னல்ல சேர்மன். கையில பொடி மட்டை. இழுக்க மறந்து நிக்காரு.

மறுநாளு கேசு. எம்மேல, பாக்கியம் மேல, காதர் மைதீன் மேல, போட்டோ எடுத்துப் போட்ட லோக்கல் பேப்பர்காரன் மேலயும். சட்டவிரோதமாக் கூடுனது, அனுமதியில்லாம மைக்கு வச்சது, சேர்மனை இழிவாப் பேசுனது. ஆட்டோவைக் கொண்டு போயி ஸ்டேசன் வேப்பமரத்தடியில நிறுத்திட்டாவ. ஒரு மாசம் நான் ஒரு எழவு சொல்லல அண்ணாச்சி. ஊரே சாகாம இருந்த மாதிரி இருந்துச்சு.

வக்கீலு ஒரு பொம்பளப் புள்ள, தில்ஷாத்துன்னு. சின்ன வயசுதான், ஆனா என்னா பேச்சுங்கீங்க! கோர்ட்ல மொதல்ல சேர்மன் குடுத்த புகாரை வாசிச்சாவ. "மேற்படி உச்சிமாகாளி என்பவர் எனது குரல், தொண்டைக் கனைப்பு, பேச்சுப் பழக்கம் ஆகியவற்றைப் பொதுமக்கள் மத்தியில் பழித்துக் காட்டி, எனக்குத் தாங்கொணா மன உளைச்சலை ஏற்படுத்தி..." தாங்கொணா மன உளைச்சல்! எனக்கு அந்த வார்த்தை அப்படியே பிடிச்சுப்போச்சு. ஒரு மாசம் அதைத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். டீ ஆறிப்போச்சா, தாங்கொணா மன உளைச்சல். செருப்பு அந்து போச்சா, தாங்கொணா மன உளைச்சல். ஒரு ஆம்பள, சேர்மன் பதவியில இருக்கவரு, எவனோ ஒருத்தன் தன்ன மாதிரி பேசுனான்னு இப்படி எழுதிக் குடுப்பாரா? கொஞ்சம் சிரிச்சுட்டுப் போனா என்ன கொறஞ்சுரும்?

அந்த வக்கீல் புள்ள எந்திரிச்சுச்சு. அரசியல் சட்டம், பத்தொம்பதுன்னுச்சு. எனக்கு பத்தொம்பதுன்னா எங்கூரு டவுன் பஸ்ஸுதான் தெரியும். அந்தப் பத்தொம்பதுல ஏ, பின்னு உட்பிரிவெல்லாம் இருக்காம். ஏ-ன்னா பேசலாம், எழுதலாம், பேப்பர்ல போடலாம். பி-ன்னா கூடலாம், ஆனா அமைதியா, ஆயுதம் இல்லாம. ஒடனே இன்ஸ்பெக்டரு, "அய்யா, முந்நூறு பித்தளைக் குடம் இருந்துச்சு, தூக்கி எறிஞ்சா என்ன ஆகும்?"னாரு. பாக்கியம் கூண்டுல நின்னுக்கிட்டே, "தண்ணி நெறஞ்ச குடத்தை எந்தப் பொம்பளையும் எறியமாட்டா அய்யா, அதுவும் இருவத்திரெண்டு நாள் கழிச்சுக் கெடச்ச தண்ணிய"ன்னா. பொறவு, "அவரு பேசட்டும் அய்யா. அவரு பேசுனதாலதான் எங்களுக்கு அன்னைக்காவது தண்ணி கெடச்சுச்சு. பிடிக்கலைன்னா சேர்மனும் மைக்கு வாங்கி இவரை மாதிரி பேசிக் காட்டட்டும்"ன்னா. நல்லாச் சொன்னான்னு நானே கை தட்டிட்டேன். நீதிபதி அம்மா மொறைச்சாவ.

மொறைச்சுட்டு என்ன செஞ்சாவங்கீங்க? "எப்படிப் பேசினீர்கள் என்று காட்டுங்கள்"னாவ. சும்மா விடுவனா? ஆகவேயிலேருந்து ஹச் வரைக்கும் முழுசாப் போட்டேன். தட்டச்சு அடிக்கவரு கை நின்னுபோச்சு. அம்மா மட்டும் தலையக் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தாவ, ஆனா தோளு ரெண்டும் ஆடுச்சு, நான் பாத்தேன். கேசு தள்ளுபடி! ஆட்டோவைத் திருப்பிக் குடுத்தாச்சு. தெருவுல தண்ணியும் வந்துச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாளு.

அதுலேருந்து எம் மரியாதையே வேற அண்ணாச்சி. "சட்டம் தெரிஞ்சவரு"ம்பாவ. எவனாச்சும் என்னை வாய மூடுன்னா, "ஏலே, பத்தொம்பது ஏ!"ம்பேன். எங்க வீட்டுலகூடச் சொல்லிப் பாத்தேன். அங்க செல்லாதாம்.

அப்படி இருந்த மனுசனுக்குத்தான் இந்தக் கதி. மகளிர் குழு ஆண்டு விழா. போன மாசம். என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில உக்கார வச்சிருக்காவ, மைக்செட்டும் என்னுதுதான். தெரைக்குப் பின்னாலேருந்து வாரா பாக்கியம். ஆம்பளையாட்டம் சாரத்தைக் கட்டிக்கிட்டு, தலையில துண்டு, கையில கரண்டிய மைக்கு மாதிரி பிடிச்சுக்கிட்டு. வந்து நின்ன ஒடனே, இன்னும் வாயே தொறக்கல, சனம் சிரிக்கி. அவ நிக்க மாதிரி அப்படி. நான் ஒரு தோளை எறக்கி நிப்பேனாம். நிப்பனா? இப்ப எறங்கியா இருக்கு? பஸ்ஸு சாயுது அண்ணாச்சி, அதான்.

பொறவு பேசுனா பாருங்க. முழுசும் சொல்லமாட்டேன்னேன்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். நான் துக்கத்தைச் சொல்லிட்டு இருக்கும்போதே நடுவுல மைக்க அணைக்க மறந்து பேச்சிமுத்துட்ட சாப்பாட்டு விசயம் பேசுவேனாம். "அன்னாரது இறுதி ஊர்வலம் மாலை நான்கு... ஏலே, உளுந்த வடை இருக்கான்னு கேளுலே... மணிக்குப் பொறப்படும்"னு. இது அநியாயம். அப்படி ஒரே ஒரு தடவைதான் நடந்துச்சு. சரி, ரெண்டு தடவை. அன்னைக்கு நெசமாவே வடை சூடா இருந்துச்சு. அதுக்காக அதையே ஒருத்தனோட அடையாளமா ஆக்கிருவீங்களா?

சிரிச்சாவ பாருங்க, கூரைத் தகரம் அதிர்ந்துச்சு. நானும் சிரிச்சேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு. போட்டும், ஒரு நா கூத்துன்னு விட்டுட்டேன். ஆனா விடலையே! அதுக்குப் பொறவு நான் ஆட்டோவுல எந்தத் தெருவுக்குள்ள நொழைஞ்சாலும், "மிகுந்த வருத்தத்துடன்"னு ஆரம்பிச்சதும் மாடியிலேருந்து ஒருத்தன், "வடை இருக்கா மாகாளி?"ங்கான். ரெண்டு துட்டி வீட்டுல இந்த மட்டம் என்னைக் கூப்பிடவே இல்ல. ஏன்னு கேட்டா, "எழவு வீட்டுல சிரிப்பு வந்துரும் ஓய்"ங்காவ. தொழிலு போச்சுன்னா நான் இந்தத் தொண்டைய வச்சு என்ன செய்ய? வேற என்ன தெரியும் எனக்கு?

அதைவிடப் பெருசு ஒண்ணு நடந்துச்சு. கோயில்பிள்ளை வாத்தியாரு, என்னை முட்டி போட வச்சாரே, அவரேதான், தவறிட்டாரு. மவன் துபாய்லேருந்து வரணும்னு ரெண்டு நாளு கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாவ. எனக்கு அவரு மேல உசுரு. ரொம்ப உருக்கமா அவுக வீட்டு வாசல்லயே நின்னு ஆரம்பிச்சேன். "மிகுந்த வருத்தத்துடன்..." பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருந்த வாத்தியாரு வீட்டம்மா, அந்தம்மாதான் அண்ணாச்சி, பொஞ்சாதி, களுக்குன்னு சிரிச்சுட்டா. சேலையை வாயில வச்சு அமுக்குதா, முடியல. சுத்தி இருந்தவளுக எல்லாம் சிரிக்கி. எனக்கு அப்படியே மண்ணு ரெண்டாப் பொளக்காதான்னு ஆயிப்போச்சு. பொறவு அந்தம்மா என்னைக் கூப்பிட்டு கையப் பிடிச்சுக்கிட்டு, "ரெண்டு நாளா அழுது தொண்டை அடைச்சுக் கெடந்தேன் மாகாளி. உன் சத்தத்தைக் கேட்டதும் பாக்கியம் ஞாபகம் வந்து சிரிச்சேன். அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு"ன்னாவ. பாத்தீங்களா? என்ன சொல்லுதாவ பாத்தீங்களா? எவ்வளவு பெரிய அவமானம்!

அன்னையிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. தூக்கம் இல்ல. நெஞ்சுக்குள்ள ஏதோ ஒண்ணு போட்டுப் பெசையுது. அதுக்கு என்ன பேருன்னு எனக்குச் சொல்லத் தெரியல.

வக்கீல் தில்ஷாத்துட்ட போனேன். "பாப்பா, அவ என்னை மாதிரி பேசப்படாதுன்னு ஒரு மனு எழுதிக் குடு"ன்னேன். அந்தப் புள்ள பேனாவை மூடி வச்சுட்டு, "அண்ணே, கோர்ட்ல உங்களுக்காக நான் பேசுனதை நானே அடிச்சுட்டு எழுதணும், பரவால்லையா?"ன்னுச்சு. "அது வேற பாப்பா, அது சேர்மன். இது நான்லா"ன்னேன். சட்டத்துலயே நியாயமான கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குன்னு அந்தப் புள்ளதான் அன்னைக்குச் சொல்லிச்சு. அப்ப எனக்கு அது காதுல விழல, இப்ப ஞாபகம் வந்துச்சு. எனக்கு ஏ, அவளுக்குக் கட்டுப்பாடு. சரியாத்தான இருக்கு? அந்தப் புள்ளைக்கு வேலை அதிகம் போல, எழுதல.

சரின்னு தாலுகா ஆபீசு வாசல்ல மனு அடிக்கவன் ஒருத்தன் இருக்கான், தெய்வநாயகம்னு, கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வச்சிருக்கான், அவன்ட்ட போனேன். அவன்லா தொழில்காரன்! விசயத்தைப் பாதி சொல்லுததுக்குள்ள, "ஒருத்தரு கொரலை இன்னொருத்தரு பழிச்சுக் காட்டுதாவ, அதான? நம்மட்ட இருக்கு"ன்னான். நாலு தட்டு தட்டுனான், பிரிண்டு வந்துருச்சு. யோசிக்கவே இல்ல. நானும் யோசிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்.

கண்ணாடி போட்டிருக்கீங்க, படிச்சவரு. இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க, எல்லாம் நறுக்குன்னு வந்திருக்கான்னு. நான் வாசிச்சா ரெண்டு ஸ்டாப்பு போயிரும். சத்தமா வாசிங்க, பரவால்ல, பின்னாடி அக்காவும் கேக்கட்டும்.

"அனுப்புநர், உச்சிமாகாளி." ஆமா, நாந்தான்.

"ஆகவே"யா? மொத வார்த்தையே ஆகவேயா? அதென்ன, முன்னால ஒண்ணுமே இல்லாம... சரி, எழுத்து நடை அப்படி இருக்கும். மேல போங்க.

"மேற்படி உச்சிமாகாளி என்பவர்..." இருங்க. பாக்கியம்னுலா இருக்கணும்? நல்லாப் பாருங்க, கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருங்க. உச்சிமாகாளிதானா? "எனது குரல், தொண்டைக் கனைப்பு... பழித்துக் காட்டி... தாங்கொணா..."

நிப்பாட்டுங்க அண்ணாச்சி.

தாங்கொணா மன உளைச்சல்.

பய என்ன காரியம் பண்ணிருக்கான் பாத்தீங்களா! சேர்மனுக்கு அன்னைக்கு அடிச்சுக் குடுத்ததும் இவன்தான். அது அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கெடந்திருக்கு. மேல பேரை மட்டும் மாத்திட்டு, நடுவுல மாத்தாம விட்டுட்டான். இப்ப என்ன ஆச்சு? உச்சிமாகாளி மாதிரி உச்சிமாகாளி பேசப்படாதுன்னு உச்சிமாகாளியே எழுதி, கையெழுத்தும் போட்டு, அறுவது கிலோமீட்டரு டிக்கெட்டு எடுத்துக் கொண்டு போறேன்! கலெக்டர் அய்யா சரின்னு கையெழுத்துப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? வாயத் தொறக்க முடியுமா நான்?

பேனா இருக்கா உங்கட்ட? குடுங்க. பேரை மட்டும் அடிச்சுட்டு மரியபாக்கியம்னு போட்டுக்கிடலாம். மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. நெஞ்சுக்குள்ள பெசையுதுன்னு சொன்னேன்ல, அதுக்குப் பேரு இதுதான் போலருக்கு. நான் ஒரு மாசம் இதைச் சொல்லிச் சொல்லித்தான சிரிச்சேன்...

என்ன சிரிக்கீங்க? பின்னாடி அக்கா, நீங்களுமா?

சரி, பேனாவை வச்சுக்கிடுங்க.

அவ எப்படிப் பேசுவான்னு கேட்டீங்கல்லா? பாத்துக்கிடுங்க. இந்தத் துண்டை இப்படித் தலையில போட்டுக்கிடுதேன். தோளை எறக்கணும். அவ இதை அளவுக்கு மேல எறக்குவா, புட்டுக் கொடம் தூக்கித் தூக்கி அவ தோளே அப்படி. "மிகுந்த வர்ர்ருத்தத்துடன்..." கேட்டீங்களா? அந்த எடத்துல அவளுக்கு மூச்சு பத்தாது. எனக்கு அப்படியா இருக்கும்? இது உச்சிமாகாளி இல்ல. இது உச்சிமாகாளிய செய்யுத மரியபாக்கியம். பாருங்க, முன் சீட்டெல்லாம் திரும்பியாச்சு! கண்டக்டரு தம்பி டிக்கெட்டு கிழிக்காம நிக்காரு!

அடடா. இது நல்லாருக்கே அண்ணாச்சி. அவ என்னைச் செய்யட்டும். அவ என்னைச் செய்யுததை நான் செய்யுதேன்! அதை எவன் தடுப்பான்? கலெக்டரு தடுக்க முடியுமா? பத்தொம்பது ஏ! வார ஞாயித்துக்கெழம, மகளிர் குழு மேடையிலயே ஏறுதேன். அவளும் ஏறட்டும். ரெண்டு பேரும் நிப்போம். யாரு பெஸ்டுன்னு ஊரு சொல்லட்டும். என் கொரலை என்னைவிட எவ நல்லாப் பேசிருவா?

என்ன தம்பி? கலெக்டர் ஆபீசு ஸ்டாப்பா? எறங்கல. அங்க எனக்கு என்ன சோலி? நீ ரைட்டு குடு. பஸ் ஸ்டாண்டுல எறங்கி அடுத்த வண்டியிலயே ஊருக்குத் திரும்புதேன், பேச்சிமுத்துட்ட வண்டியத் தொடச்சு வைக்கச் சொல்லணும், தெருத்தெருவா சொல்லணும்லா. எப்படிச் சொல்லுவேன்னு கேளுங்க. அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எல்லாரும் கேளுங்க.

"மிகுந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்வது என்னவென்றால்... வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணியளவில்... மாதா தெரு முக்கில்... மரியபாக்கியம் அவர்கள் செய்யும் உச்சிமாகாளியை... உச்சிமாகாளி அவர்களே... அண்ணாச்சி, அந்தப் பையில ரெண்டு பழம் கெடக்குல்லா, கனிஞ்சது எனக்கு, மத்ததை நீங்க தின்னுங்க... செய்து காட்டுவார். ஆகவே பொதுமக்கள் அனைவரும்..."

என்னது? இப்ப எதுக்கு எல்லாரும் சிரிக்காவ?